ஜவ்வரிசிப் பனிக்குப் பத்து மணி

போன இதழில், தில்லியிலிருந்து ஒரு வாரத்தில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "மார்ச் முடிந்ததும் நான் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பிடித்துக்கொண்டீர்கள். வந்த கடிதங்களில் பாதி "மாமி, நிஜமாகவா?" ரகம். நிஜம்தான். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள். 1998 பிப்ரவரியில், முப்பத்து நான்கு வயதில், உத்தராகண்ட் மலையில் இருக்கும் ஔலியில் ஏழு நாள் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்ந்து, ஆறு நாள் விழுந்து, ஏழாம் நாள் நின்றேன். அதற்கப்புறம் பிப்ரவரியில் லீவு கிடைக்கவே இல்லை. அப்போது எனக்கு வங்கி வேலை. மார்ச் 31 கணக்கை முடிக்காமல் அங்கே யாரும் நகர முடியாது. ஆகவே என் சீசன் எப்போதும் ஏப்ரல் முதல் வாரம்தான். மற்றவர்கள் ஸ்கீயைத் துடைத்து மூட்டை கட்டும் நேரத்தில் நான் பூட்ஸ் மாட்டுவேன். இருபத்தைந்து வருடம் மிச்சப் பனியில் சறுக்கியவள் என்பதால், சீசன் முடிவுப் பனியைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்த முறை பக்கம் முழுக்க அதுதான்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டான். மார்ச் 28 முதல் ஏப்ரல் 4 வரை எனக்கும் மனைவிக்கும் லீவு. மகன் இரண்டு முறை ஔலியில் பழகியிருக்கிறான். நாங்கள் இருவரும் புதுசு. குல்மர்க், ஔலி, சோலாங் மூன்றில் அப்போது எங்கே நல்ல பனி இருக்கும்?
*– வாசகர், மயூர் விஹார்*

பதில்: அண்ணாந்து பார்த்தால் மூன்று இடத்திலும் பனி இருக்கும். நீங்கள் ஸ்கீ மாட்டிக்கொண்டு நிற்கப்போகிற இடத்தில் இருக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் உயரத்தைப் பாருங்கள்.

காஷ்மீரின் குல்மர்க் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். கொண்டோலா என்கிற கேபிள் காரின் முதல் கட்டம் அங்கிருந்து கோங்டூரிக்கு ஏறுகிறது. அது 3,000 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய இடம். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத் தோளில், ஏறக்குறைய 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடும். ஔலியின் ஸ்கீ சரிவு சுமார் 2,500-ல் ஆரம்பித்து 3,050-ல் முடிந்துவிடுகிறது. அதாவது ஔலி முடிகிற உயரத்தில்தான் குல்மர்க்கின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. மணாலிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலாங் இன்னும் பாவம். பள்ளத்தாக்கின் தரையே சுமார் 2,500 மீட்டர்தான். ரோப்வே 3,000 மீட்டரைத் தாண்டி ஏறும் என்றாலும், புதிதாகக் கற்பவர்கள் புரளுகிற இடம் கீழேதான்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும். குல்மர்க் புல்வெளியில் பகலில் எட்டு டிகிரி இருந்து, ஓட்டல்காரர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உலவுகிற அதே நேரத்தில், அஃபர்வாட்டில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஏப்ரலில் இந்த எட்டு டிகிரிதான் ஆட்டமே.

அப்புறம் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது. நம் வீடுகளில் மேற்குச் சுவர் மாலை முழுக்கக் கொதிக்கும், வடக்கு அறை குளுகுளுவென்று இருக்கும், இல்லையா? மலையிலும் அதே கதைதான். வடக்கு பார்த்த சரிவில் பனி கடைசிவரை தாங்கும். தெற்கு பார்த்தது முதலில் புல்லைக் காட்டிவிடும். ஔலியின் முக்கியச் சரிவு கீழே இருக்கும் ஜோஷிமத் ஊர்ப் பக்கமாக, வடக்கு பார்த்து இறங்குகிறது. அவ்வளவு தாழ்வாக இருந்தும் ஔலி மார்ச் வரை மூச்சுப் பிடித்து நிற்பதற்கு அது ஒரு காரணம். குல்மர்க்கில் கொண்டோலாவுக்குக் கீழே உள்ள கிண்ணம் மாதிரியான சரிவு கிழக்கும் வடகிழக்கும் பார்த்தது. காலை வெயில் படும், பிற்பகலில் நிழல் வந்துவிடும்.

"அப்படியானால் குல்மர்க்தானே?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். குல்மர்க்கின் பெரிய சொத்து அந்த மேல் பாதி. அங்கே சீராக வாரிவிட்ட பாதை எதுவும் கிடையாது. செங்குத்து, கண்டபடி மேடு பள்ளம், காற்று. இரண்டு முறை ஔலியில் பழகிய பையன் அங்கிருந்து இறங்கக் கூடாது. கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும். நீங்கள் இருவரும் அங்கே வேடிக்கை பார்க்கத்தான் போகலாம். ஆக அந்தச் சொத்து உங்கள் மூவருக்கும் உதவாது. புதியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லித் தருகிற இடம் புல்வெளியை ஒட்டிய சரிவு. அது 2,650 மீட்டரில், ஔலியின் மேல் பகுதியைவிடவும் தாழ்வாக இருக்கிறது! மார்ச் கடைசியில் அங்கே சேறும் பனியும் கலந்து, சரியாகக் கழுவாத ரவை மாதிரி கிடக்கும்.

அதனால் என் யோசனை இது. குல்மர்க் போங்கள். ஆனால் "வகுப்பு புல்வெளியில் வேண்டாம், கோங்டூரியில் சொல்லித் தாருங்கள்" என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தினமும் முதல் கட்டத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும், கூடுதல் செலவுதான். மகன் அங்கிருந்து சேர்லிஃப்டில் மேரிஸ் ஷோல்டர் வரை பயிற்சியாளரோடு போய்வரட்டும். அந்தப் பையனுக்கு அதுவே ஒரு வாரத்துக்கு நிறைய.

இனி நேரம். சீசன் முடிவுப் பனி ஒரே நாளில் மூன்று வேஷம் போடும். இரவு வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகிவிடும். காலை எட்டு மணிக்குப் போனால் கல்லாகிப்போன மைசூர்பாகு. ஸ்கீயின் விளிம்பு பிடிக்காது, விழுந்தால் முழங்கை பேசும். வெயில் ஏற ஏற மேலே ஓர் அங்குலம் மட்டும் இளகும். உருகி, இறுகி, மறுபடி உருகி வந்த அந்தப் பனி உருண்டை உருண்டையாக, ஊறின ஜவ்வரிசி மாதிரி இருக்கும். ஒன்பதரை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அதில் சறுக்குவது மாதிரி சுகம் பிப்ரவரியின் பொடிப் பனியில்கூட இல்லை என்று நான் சொல்வேன். பிப்ரவரி ஆசாமிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்கப்புறம் குழைந்த பொங்கல். ஸ்கீ உள்ளே சிக்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும், முழங்கால் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு மணிக்கு மேல் நீங்கள் மூவரும் கடையில் உட்கார்ந்து ராஜ்மா சாதம் சாப்பிட வேண்டும். காசு கொடுத்துவிட்டோமே, நாலு மணி வரை சறுக்குவோம் என்று நினைக்காதீர்கள்.

இரவில் மேகம் மூடிக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். மேகம் போர்வை போட்ட மாதிரி. பனி இறுகவே இறுகாது, விடியும்போதே பொங்கல்தான். அதனால் படுக்கப்போகும் முன் வெளியே வந்து நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அலாரம் வையுங்கள். தெரியாவிட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

பயணம்: ஸ்ரீநகருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து குல்மர்க் சுமார் 50 கி.மீ. ரயில் பிரியர் என்றால், 2025 ஜூனிலிருந்து கட்ரா – ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடுகிறது. செனாப் பாலத்தைக் கடந்துதான் போகும். கொண்டோலா டிக்கெட்டைத் தில்லியிலேயே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்காக அழ வேண்டாம்.

கேள்வி: ஏப்ரலில் சிம்லா பக்கம் குஃப்ரி, நார்கண்டா?
*– வாசகர், லோதி ரோடு*

பதில்: ஜனவரியில் கேளுங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, மார்ச் பாதிக்கு மேல் சோலாங் போகாதே என்று ஒரு முறை எழுதியிருந்தீர்கள். நான் ஏப்ரல் 2 அன்று போனேன். முழங்கால் வரைக்கும் புதுப் பனி! படம் வைத்திருக்கிறேன். உங்கள் கணக்கு தப்பு.
*– கல்லூரி மாணவர், ஜனக்புரி*

பதில்: படம் பார்த்தேன், தம்பி. பொறாமையாக இருந்தது. என் கணக்கு தப்பில்லை, உன் ஜாதகம் நன்றாக இருந்திருக்கிறது.

நம் இமயமலைக்குக் குளிர்காலத்தில் பனி கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்கிற காற்றுச் சுழற்சி. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வருகிறது. தில்லியில் நமக்கு இது நன்றாகத் தெரிந்த விருந்தாளிதான். மார்ச்சில் இரண்டு நாள் திடீரென்று மேகம் கட்டி, இடி இடித்து, மாடியில் காய வைத்த வடாம் நனைகிறதே, அதே ஆசாமிதான். இங்கே வடாம் நனைகிற அன்று மேலே 3,000 மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பனி விழும். எனக்கு எந்த வானிலைச் செயலியையும்விட எங்கள் மொட்டை மாடிதான் நம்பகம்.

அந்த இடையூறு இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில் குல்மர்க் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பாய். காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளை சில்லாய் கலான் என்பார்கள். குளிரின் உச்சம், பனி கொட்ட வேண்டிய காலம். அந்த வருடம் அது ஏறக்குறைய வெறும் கையோடு போனது, ஜனவரி கடைசியில்தான் பனி விழ ஆரம்பித்தது. 2025-ல் குல்மர்க்கில் பிப்ரவரி 22 முதல் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதவில்லை என்று தள்ளிவைத்து, மார்ச் 9-லிருந்துதான் நடத்தினார்கள். பிப்ரவரியில் இல்லாத பனி மார்ச்சில் இருந்தது என்பதைக் கவனி. பிந்திய சீசன் என்றால் கெட்ட சீசன் என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஆனால் ஏப்ரலில் விழுகிற புதுப் பனி சோலாங் உயரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அடியில் தரை சூடாகிவிட்டது, மேலே வெயில் உச்சியில். அதோடு பாராகிளைடிங், குதிரை, ஸ்கூட்டர், நூறு டாக்ஸி என்று எல்லாரும் அதே பனியை மிதிக்கிறார்கள். நீ ஏப்ரல் 5 அன்று ஒரு படம் எடுத்திருந்தால் அதையும் அனுப்பு.

புதுப் பனிதான் வேண்டும் என்று துடித்தால், அடல் சுரங்கப் பாதை வழியாக லாஹௌல் பக்கம் போய்ப் பார். 2020 அக்டோபரில் திறந்தது, 9 கி.மீ. நீளம். மணாலியில் மழை கொட்டுகிற நாளில்கூட அந்தப் பக்கம் சிஸ்ஸுவில் வெள்ளையாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். ஆனால் லிஃப்ட் கிடையாது. ஏறின அளவுதான் இறங்கலாம்.

கேள்வி: ஔலியில் செயற்கைப் பனி போடும் இயந்திரம் இருக்கிறதாமே? அப்படியானால் கடைசிவரை பனி இருக்க வேண்டுமே?
*– வாசகி, ஆர்.கே. புரம்*

பதில்: இருக்கிறது. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தபோது வாங்கியவை, தண்ணீருக்காக மேலே ஒரு செயற்கை ஏரியும் வெட்டினார்கள். ஆனால் ஸ்னோ கன் குளிரை உண்டாக்காது. தண்ணீரைத் திவலையாக்கிக் காற்றில் வீசும், அவ்வளவுதான். அதை உறைய வைக்க வேண்டியது வெளிக் காற்று. ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கிற வெப்பநிலை மைனஸ் இரண்டுக்குக் கீழே போனால்தான் ஒழுங்கான பனி விழும். ஏப்ரலில் அந்த உயரத்தில் அப்படி ஒரு பகல் கிடையாது, இரவும் அபூர்வம். ஃபிரிஜ் இல்லாமல் ஐஸ் டிரேயை மட்டும் வாங்கி வைத்த மாதிரி. பனி போதாமல் ஔலியில் போட்டிகள் தள்ளிப்போவதும் ரத்தாவதும் புதிதல்ல.

இன்னொன்று. ஜோஷிமத்திலிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வே 2023 ஜனவரியில், ஊரில் நிலம் வெடித்து இறங்கியபோது நிறுத்தப்பட்டது. சாலையை நம்பியே கிளம்புங்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் வரை சுமார் 250 கி.மீ., ஒரு முழுப் பகல்.

கேள்வி: நாங்கள் ஒரு ஏஜென்டிடம் பேசினோம். "ஃபுல் ஸ்னோ மேடம், ஏப்ரல் பதினைந்து வரை கேரன்டி" என்று தினமும் வாட்ஸாப்பில் படம் அனுப்புகிறார். நம்பலாமா?
*– வாசகி, நொய்டா*

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஏனென்றால் நான் நம்பினேன்.

பல வருடம் முன்னால் ஒரு ஏப்ரல். ஔலியில் ஒரு தங்கும் விடுதிக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம், அந்த விடுதி இப்போது வேறு கை மாறிவிட்டது. "முழங்கால் அளவு பனி, வாருங்கள்" என்றார்கள். படமும் ஈமெயிலில் வந்தது. தேவதாரு மரக் கிளைகளில் வெள்ளை வெளேரென்று பனி தொங்க, பின்னால் நீல வானத்தில் நந்தா தேவி. கணக்கு முடித்த அன்றே இரவு காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறினோம், நானும் வீட்டுக்காரரும். மூன்றாம் நாள் ஔலியில் இறங்கினால், பச்சைப் புல், மஞ்சள் பூ, நடுவில் அங்கங்கே யாரோ வேட்டியைக் காயப் போட்ட மாதிரி பனி. ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் தோளில் ஸ்கீயோடு நிற்கிறேன். மாடு என்னைப் பார்த்த பார்வையை என் வீட்டுக்காரர் இன்றுவரை கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறார்.

விடுதிக்காரரிடம் கேட்டதற்கு, "படம் எங்கள் இடத்துப் படம்தானே மேடம்" என்றார். பொய்யில்லை! இடம் அதுதான், மாதம்தான் வேறு. நாலு நாள் வாடகையில் ஒரு பைசா திரும்பவில்லை.

அன்றிலிருந்து படங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மரக்கிளையில் பனி உட்கார்ந்திருந்தால் அந்தப் படம் பனி விழுந்த ஓரிரு நாளுக்குள் எடுத்தது. ஏப்ரல் வெயிலில் கிளைப் பனி மதியம் வரைகூடத் தாங்காது. ஆகவே தினமும் கிளைப் பனிப் படம் வந்தால் ஒன்று அங்கே தினமும் பனி விழ வேண்டும், அல்லது ஒரே நாள் படங்களை அவர் தவணை முறையில் அனுப்ப வேண்டும். அப்புறம் நிழல். நண்பகலில் எடுத்த படம் என்கிறார், ஆனால் மர நிழல் நீளமாக விழுகிறது என்றால் அது டிசம்பர், ஜனவரி வெயில். ஏப்ரல் நண்பகலில் நிழல் சுருங்கிவிடும். பனியின் நிறத்தையும் பாருங்கள். வசந்தத்தில் பாலைவனப் புழுதி பறந்து வந்து மலையில் படியும். பழைய பனி லேசாக டீக்கறை மாதிரி தெரியும், அழுக்குப் பனி வெயிலை அதிகம் உறிஞ்சி இன்னும் சீக்கிரம் உருகும். ஏப்ரல் படத்தில் பனி சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

படத்தை விடுங்கள், போனில் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். "பனி இருக்கிறதா" என்று கேட்டால் இமயமலையில் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான். "இன்று காலை வகுப்பு எந்த இடத்தில் நடந்தது? லிஃப்டிலிருந்து இறங்கி ஸ்கீயைக் கழற்றாமல் கீழே வரை வர முடிகிறதா, அல்லது நடுவில் நடக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். நேர்மையான ஆள் "கடைசி இருநூறு மீட்டர் நடக்கணும் மேடம்" என்பார். அப்படிச் சொல்கிறவரிடம் பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் "வாருங்கள் மேடம், பார்த்துக்கலாம்" என்று வரும். அது பதில் இல்லை. உங்கள் ஏஜென்டிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கீழே பனி இல்லை என்றால் கோங்டூரி டிக்கெட்டுக்கு யார் காசு? "கேரன்டி" என்ன ஆகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: சீசன் முடிவில் பனி கெட்டியாகிவிடுவதால் பனிச்சரிவு ஆபத்து குறைவு என்கிறார்களே, சரியா? நானும் இரண்டு நண்பர்களும் நன்றாகவே ஸ்கீ செய்வோம். அஃபர்வாட்டின் மறுபக்கம் இறங்க ஆசை.
*– வாசகர், குருகிராம்*

பதில்: பாதி சரி, அதனால்தான் பயமாக இருக்கிறது. இரவு நன்றாக இறுகிய பனி காலையில் நிஜமாகவே உறுதிதான். அதே சரிவு பிற்பகலில் வேறு. உருகிய தண்ணீர் உள்ளே இறங்கி, அடுக்குகளுக்கு நடுவில் எண்ணெய் விட்ட மாதிரி ஆக்கிவிடும். அப்புறம் மொத்தமாக, மெதுவாக, சிமென்ட் கலவை மாதிரி நகரும். வேகம் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். அந்த எடையில் மாட்டினால் கையை அசைக்க முடியாது. மேலே ஏப்ரலில் புதுப் பனி வேறு விழுந்திருந்தால், பழைய வழவழப்பின் மேல் புதுசு ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும்.

2010 பிப்ரவரியில் குல்மர்க்கில் பனிச்சரிவில் அகப்பட்டு இறந்தவர்கள் மலைப் போர்ப் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள். 2024 பிப்ரவரியில் அங்கே இறந்தவர் ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்கீ வீரர். இவர்களெல்லாம் பனி தெரியாதவர்கள் இல்லை.

குல்மர்க்கில் ரோந்துக் குழு கவனிப்பது கொண்டோலாவுக்குக் கீழே உள்ள கிண்ணத்தை மட்டும். அவர்கள் அதைத் திறந்தால் இறங்குங்கள், மூடினால் டீ குடியுங்கள். கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் உங்களைக் கேட்பாரும் இல்லை, தேடுவாரும் உடனே கிடையாது. போயே தீருவோம் என்றால் உள்ளூர் வழிகாட்டி, மூன்று பேரிடமும் பனியில் புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன் கருவி, மண்வெட்டி, குத்துக் கம்பி, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கை. பதினோரு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். மறுபக்கம் பாகிஸ்தான் பக்கத்து எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு மிக அருகில் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே வழி தவறினால் வேறு வகைச் சிக்கல்.

கேள்வி: என்ன உடுப்பு வாங்க வேண்டும்? என் மாமியாரும் வருகிறார், வயது 66. அவரைக் கொண்டோலாவில் மேலே கூட்டிப்போகலாமா?
*– வாசகி, துவாரகா*

பதில்: புதிதாக எதுவும் வாங்காதீர்கள். ஏப்ரலில் பாதிப் பேர் வேர்த்துத்தான் கஷ்டப்படுவார்கள். உள்ளே ஒரு மெல்லிய உடுப்பு, மேலே தண்ணீர் இறங்காத ஜாக்கெட், போதும். என்னுடையது சரோஜினி நகரில் பேரம் பேசி வாங்கியது, பதினோரு வருடமாக உழைக்கிறது. கையுறை மட்டும் இரண்டு ஜோடி வையுங்கள். பொங்கல் பனியில் ஒரு ஜோடி மதியத்துக்குள் நனைந்துவிடும். ஸ்கீயும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்கு வாங்கலாம். வாங்கும்போது அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வறண்டு வெள்ளையாக இருந்தால் மெழுகு போடச் சொல்லுங்கள். ஈரப் பனியில் மெழுகு இல்லாத ஸ்கீ, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் ஊற்றிய மாவுதான். அப்படியே ஒட்டும்.

கறுப்புக் கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், மேகம் இருந்தாலும் கண் எரியும். மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும். எனக்குக் கருகியிருக்கிறது. தாடைக்குக் கீழேயும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

மாமியாரைக் கோங்டூரி வரை தாராளமாகக் கூட்டிப்போங்கள், அங்கே டீ கிடைக்கும். அதற்கு மேல் வேண்டாம். புல்வெளியிலிருந்து 3,950 மீட்டருக்குச் சில நிமிடங்களில் தூக்கிப்போய் நிறுத்தினால் இளவட்டங்களுக்கே தலை சுற்றும். "நான் கைலாசம் போயிருக்கிறேன்" என்று அவர் சொன்னாலும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார் என் பாட்டி. பங்குனிப் பனி?
*– வாசகர், முனிர்கா*

பதில்: பாட்டி சொன்னது நம் ஊர்ப் பனி, விடிகாலையில் புல்லில் நிற்கிறதே, அது. அதற்கும் பனி என்கிறோம், மூடுபனிக்கும் பனி, அஃபர்வாட்டில் ஆள் உயரம் கிடப்பதற்கும் பனி. ஔலிக்கு முதல் தடவை போகும்போது என் அம்மா "பனியில் நிற்காதே, ஜலதோஷம் பிடிக்கும்" என்று சொல்லி மப்ளர் கொடுத்தனுப்பினாள். பங்குனிப் பனி முழங்காலைத் துளைக்கும், அதுவும் மதியம் ஒரு மணிக்கு மேல்.

கேள்வி: எல்லாருக்கும் குல்மர்க் என்கிறீர்கள். இந்த வருடம் நீங்கள் எங்கே?
*– மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்*

பதில்: ஔலிக்கு. சிரிக்காதீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எந்த மாதமும் போகலாம் என்று ஆன பிறகும் பழக்கம் விடவில்லை, ஏப்ரல் 2 அன்று கிளம்புகிறோம். சரிவில் பனி இருக்காது என்று தெரியும். அதற்கு மேலே காட்டைத் தாண்டினால் கோர்சன் புல்வெளி. அதன் வடக்கு ஓரத்து மடிப்புகளில் யாரும் மிதிக்காத பனி கொஞ்சம் பாக்கி இருக்கும். ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, பத்து மணிக்கு அங்கே நின்றால், ஜவ்வரிசியில் நாலு திருப்பம், ஐந்து திருப்பம் கிடைக்கும். எதிரே நந்தா தேவி. என் முழங்காலுக்கு இப்போது அவ்வளவுதான் அனுமதி. வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கில் காப்பியோடு கீழே நிற்பார். மாடு இருந்தால் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.